நாற்காலிக்கு நாலு எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜை வந்துவிட்டால் என் அண்ணனுக்குத் தலைகால் புரியாது. கட்டிய வேட்டியைக் கழற்றிப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிற மனுஷன், அன்றைக்கு மட்டும் மண்வெட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பான். டிராக்டரை ஏரிக்கரைக்கு ஓட்டிப்போய்க் குளிப்பாட்டுவான். கத்தி, கடப்பாறை, களைக்கொட்டு, மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர், பம்புசெட்டு மோட்டார் என்று எதுவும் அவன் கையிலிருந்து தப்பாது. சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் எதிரே வருகிறவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று காலையில் கண் விழித்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் கையை நீட்டினேன். என் சக்கர நாற்காலியைக் காணோம்.

எனக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போய்விட்டன. பள்ளிக்கூடத்துக்கு அண்ணன் இடுப்பில் போனேன். கொஞ்சம் வளர்ந்த பிறகு அவன் முதுகில் போனேன். முப்பது வயதைத் தாண்டியும் ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போவதென்றால் அவன் முதுகுதான். "தங்கச்சிய எப்டி சொமக்கிறான் பாரு, புண்ணியவான்" என்று ஊரே அவனை மெச்சும். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியபடி அந்தப் பாராட்டையெல்லாம் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நெல் மூட்டைக்கு வாய் இருந்தால், தன்னைச் சுமக்கிறவனைப் பார்த்து நாலு பேர் கைதட்டுவதைப் பற்றி அதுவும் ஏதாவது சொல்லும்.

பிறகு ஒரு முகாமில் இந்த நாற்காலி கிடைத்தது. கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நானே போகலாம், நானே வரலாம். வந்த அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன், இனிமேல் என்னை யாரும் தூக்கக் கூடாது என்று. அண்ணனுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாற்காலியைக் கதவுக்குப் பின்னால் தள்ளி மறைத்து வைப்பான். கேட்டால், "வந்தவங்க இன்னா நெனப்பாங்க?" என்பான். என் கால்களைப் பார்த்து நினைக்காததையா அவர்கள் நாற்காலியைப் பார்த்து நினைக்கப் போகிறார்கள்?

நாற்காலியைக் காணாததற்கு வேறொரு நாளாக இருந்தால் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்திருப்பேன். அன்றைக்கு அப்படி முடியாது. வீட்டில் உட்கார்ந்து பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த நான், உத்திரமேரூர் கடைத்தெருவில், நெல் மண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை காலியாக இருப்பது தெரிந்து, அதன் சொந்தக்கார அக்காவிடம் போனில் பேசியிருந்தேன். அண்ணி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஃபேன் கீது, லைட்டு கீது, ஷட்டர் புதுசு, எல்லாம் நல்லா கீது" என்று சொல்லியிருந்தாள். விஜயதசமியில் கடையைத் திறந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் அந்த அக்காவுக்கு ஒரு சந்தேகம் தீரவே இல்லை.

"தெனமும் ஒருத்தர் உன்ன தூக்கிகினு வந்து எறக்கி, மறுபடி தூக்கிகினு போயி... அந்த பேஜாரெல்லாம் எனக்கு வோணாம்மா. பூஜை அன்னிக்கி சாங்காலம் நீயே வண்டிய தள்ளிகினு வந்து காட்டு, சாவிய குடுத்துட்றேன். இல்லாங்காட்டி செல்போன் கடைக்காரன் ஒருத்தன் கேட்டுகினே கீறான், அவனுக்குக் குடுத்துட்டு நான் செங்கல்பட்டு பஸ் ஏறிடுவேன்" என்றாள்.

ஆகவே கட்டிலிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து கூடத்துக்குப் போனேன். அங்கே இருந்தது என் நாற்காலி. ஒரு பக்கம் தையல் மெஷின், மறுபக்கம் மண்வெட்டியும் கடப்பாறையும். முதுகுச் சாய்மானத்துக்கு ஒரு சாமந்தி மாலை. பெரிய சக்கரம், சின்னச் சக்கரம், கை வைக்கிற இடம், கால் வைக்கிற இடம் என்று ஓரிடம் விடாமல் சந்தனமும் குங்குமமும். இருக்கையில் என் கத்தரிக்கோல், அதன்மேல் ஒரு பிடி பொரி.

கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவன், இன்றைக்கு உழைக்கிற சாமான்களோடு அதையும் சேர்த்து உட்கார வைத்திருக்கிறான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவன் வாயைத் திறக்கிற வரைக்கும்தான்.

"அழகா கீதுண்ணா. சாங்காலம் கடைத்தெருவுக்குப் போவணும், எடுத்துக் குடு" என்றேன்.

"பூஜைல வெச்சத எப்டி எடுக்குறது? நாளைக்கு மறுபூஜை போட்டாத்தான் தொடணும். ஒரு வருசம் பூஜைல வெச்ச மம்ட்டிய ஒருத்தன் எடுத்துகினு போயி, கால்லயே போட்டுகினான், தெரியுமா?"

"அப்ப நான் எப்டி போவறது?"

"அதான் நான் கீறேன் இல்ல? தூக்கிகினு போறேன், வா."

எனக்கு வந்ததே கோபம். பொரித்தட்டு கைக்கு எட்டவில்லை, எட்டியிருந்தால் பறந்திருக்கும். சுற்றுமுற்றும் பார்த்தேன். சமையலறையில் கேஸ் அடுப்புக்கும் மூன்று பட்டை போட்டுப் பொட்டு வைத்திருந்தான்.

"அடுப்புக்குக்கூடத்தான் பூஜை போட்ட. இப்ப துன்னுகினு கீறியே வடை, அத்த எதுல சுட்டாங்க அண்ணி?"

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் வடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டான்.

"அடுப்பு வேற பாப்பா" என்றான். நாற்பதை நெருங்கும் என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். "சாமி குத்தம் ஆயிடும். இத்தோட வுடு" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டான்.

நானும் நகர்ந்து வாசல்படி வரைக்கும் போனேன். வெளியே வாழைக்கன்று கட்டிய டிராக்டரின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். பழங்கள் நசுங்கின. களத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுப் பெருமையாக இறங்கி வந்தான்.

"ண்ணா, டிராக்டருக்கும் பூஜைதானே போட்ட? அத்த மட்டும் ஏன் ஓட்டுற?"

"அது வண்டி பாப்பா. வண்டின்னா எலுமிச்சம் பயத்து மேல ஏத்தி ஓட்டியே ஆவணும். ஓட்டாம நிக்க வெச்சாத்தான் குத்தம்."

"அப்ப உள்ள கீதே, அது இன்னா?"

"அது நாற்காலி."

"எத்தினி சக்கரம் கீதுன்னு எண்ணிப் பாத்துட்டு வந்து சொல்லு."

தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். உண்மையாகவே எண்ணினான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு பொரியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கி வந்து டிராக்டருக்குப் பக்கத்தில் இறக்கினான். கூடையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கிச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தான்.

நகர்ந்து போய், கையை ஊன்றி ஏறி உட்கார்ந்தேன். இங்கேதான் சிக்கல். டிராக்டருக்குப் பழம் நசுங்கும், நாற்காலியின் சின்னச் சக்கரத்துக்கு எப்படி நசுங்கும்? தள்ளத் தள்ளப் பழம் உருள்கிறது, நாற்காலி கோணிக்கொண்டு நிற்கிறது. போதாக்குறைக்கு, நான் பிடித்துத் தள்ளுகிற வளையம் முழுக்கச் சந்தனம், கை வழுக்குகிறது. அண்ணன் பின்னால் கை வைக்க வந்தான். ஒரு முறை முறைத்தேன். நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரங்களைப் பின்பக்கமாகப் பழத்தின் மேல் ஏற்றினேன். சாறு தெறித்து அண்ணன் வேட்டியில் பட்டது. அண்ணி கைதட்டினாள். எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான்.

சாயங்காலம் தனியாகக் கிளம்பினேன், மாலையைக் கழற்றாமலே. கடைத்தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் திருஷ்டிப் பூசணிக்காயை உடைத்துப் போட்டிருந்தார்கள். நம் ஊரில் கடைக்காரரின் திருஷ்டி கழிய வேண்டும், வண்டியில் போகிறவன் வழுக்கி விழுந்தாலும் பரவாயில்லை. பூசணிக்காய்க்கு வளைந்து, குங்குமத் தண்ணீருக்கு ஒதுங்கி, ஹாரன் அடித்த பஸ்காரரைத் திட்டி, ஒரு வழியாக நெல் மண்டியைத் தாண்டி அறை வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே ஒரு படி இருந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரே படி. அண்ணி ஃபேனைப் பார்த்தாள், லைட்டைப் பார்த்தாள், இதைப் பார்க்கவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நடக்கிறவர்களுக்கு ஒரு படி கண்ணில் படாது, அது பாட்டுக்குக் காலே ஏறிவிடும்.

சொந்தக்கார அக்கா பஸ்ஸுக்குப் பையும் கையுமாக மேலே நின்றிருந்தாள். "பரவால்லியே, வந்துட்டியே. ஏறி வா" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கும் படி தெரிந்தது. முகம் மாறிவிட்டது. "இதுக்குத்தாம்மா நான் அப்பவே சொன்னேன்..."

மண்டி வாசலில் பொரி தின்றுகொண்டிருந்த மூட்டை தூக்கும் ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "நாங்க தூக்கி வுட்டுட்றோம்மா. ஒரு மூட்டை வெயிட்டுகூட இருக்க மாட்ட."

நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் காரியம் கெடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். லாரிக்கு மூட்டை ஏற்றுகிற நீளப் பலகைகள் இரண்டு மண்டிச் சுவரில் சாய்ந்திருந்தன.

"என்னைத் தூக்க வோணாம். அந்தப் பலகைய எடுத்துப் போடுங்க, போதும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பலகைகளிலும் சந்தனம், குங்குமம். "அது பூஜைல கீதேம்மா. நாளைக்குத்தான் தொடணும்."

அக்கா பஸ் வருகிற திசையைப் பார்த்தாள்.

"அது வண்டிக்குப் போட்ற பலகைதானே?" என்று பின்னால் ஒரு குரல். அண்ணன். வீட்டிலிருந்தே எனக்குத் தெரியாமல் பின்னால் வந்திருக்கிறான். "வண்டி சாமான நிக்க வெச்சாத்தான்யா குத்தம். பயத்த வெச்சி எடு, ஒண்ணும் ஆவாது" என்று சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பலகைக்கு அடியில் வைத்து நசுக்கினான். அடுத்த வார்த்தைக்கு இடம் கொடுக்காமல் அவனே பலகைகளைத் தூக்கி வந்து, சக்கர அகலம் பார்த்துப் படியின் மேல் சாய்த்துப் போட்டான்.

தள்ளினேன். பாதி ஏறும்போது, வளையத்தில் மிச்சமிருந்த சந்தனம் வியர்வையில் நனைந்து கை வழுக்கியது. நாற்காலி பின்னால் சறுக்கியது. "புடிய்யா, புடி!" என்று மண்டி ஆட்கள் கத்தினார்கள். அண்ணனின் நிழல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என் மேல் விழுந்தது.

"அவ ஏறிடுவா" என்றான்.

வளையத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்தினேன். ஒவ்வொரு கையாகச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து மறுபடியும் தள்ளினேன். முன்சக்கரங்கள் மேலே ஏறின, பிறகு பெரிய சக்கரங்களும் ஏறின. அக்கா சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

நாற்காலியைத் திருப்பிக் கீழே பார்த்தேன். அண்ணன் இன்னமும் இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தான்.