நீலக் கயிறு கட்டிய ஸ்டவ்

போன வாரம் கேஸ் ஏஜென்சியில் என்னைக் கண் சிமிட்டச் சொன்னார்கள். கவுன்டரில் இருந்த பெண் கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்து, "சார், ஒரு தடவை சிமிட்டுங்க" என்றாள். சிமிட்டினேன். சரிபார்ப்பு முடிந்துவிட்டதாம்.

"வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்க்க மாட்டீங்களாம்மா?"

"அடுப்பை எதுக்கு சார் பார்க்கணும்?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். எனக்குப் பல வருஷம் சம்பளம் கிடைத்ததே அடுப்பைப் பார்த்ததற்குத்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

காரைக்காலில் குடிமைப் பொருள் அலுவலகத்தில் இருந்தேன். ஏழை வீடுகளில் புகையை ஒழிக்க இலவச கேஸ் இணைப்பு கொடுத்த காலம். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ரேஷன் அட்டைக்கு ஒரே இணைப்பு. கேஸ் வந்த அட்டையில் முத்திரை குத்தி மண்ணெண்ணெயை நிறுத்திவிடுவோம். குடும்பத்திலிருந்து பிரிந்து தனி அட்டை கேட்டால், தனியாகச் சமைக்கிறார்களா என்று நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தனிச் சமையல் என்றால் என்ன என்று எந்த உத்தரவிலும் விளக்கம் கிடையாது. அதனால் இரண்டாவது அடுப்பு ஒன்று கண்ணில் பட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஜனங்கள் அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

கிளிஞ்சல்மேடு மீனவர் கிராமத்தில் அதற்கென்றே ஒரு ஸ்டவ் இருந்தது. திரி ஸ்டவ். ஒரு கால் உடைந்து, அதில் நீல நைலான் வலைக்கயிறு சுற்றியிருந்தது. முதல் வீட்டில் அதைப் பார்த்துக் குறிப்பெழுதிவிட்டு, மணலில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போனால், கொல்லைப்புறமாக எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். "இந்த ஸ்டவ்வை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றேன் ஒருநாள். "எல்லாம் ஒரே கடையில வாங்குனதுங்க சார்" என்றாள் அந்த வீட்டுக்காரி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். கால் உடைத்து, கயிறு கட்டி விற்கிற கடை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஒரே ஸ்டவ் வீடு வீடாகச் சுற்றுகிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட்டான். இனி அடுப்பு இருந்தால் போதாது, எரிவதைப் பார்த்து எழுத வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அந்த உத்தரவோடு நான் போய் நின்ற முதல் வீடு அஞ்சம்மாளுடையது.

அட்டை அஞ்சம்மாள் பெயரில். அதற்கு வந்த கேஸை மூத்த மகன் பக்கத்து ஊரான பூவத்துக்குத் தனிக்குடித்தனம் போகும்போது தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆக, காகிதத்தில் கேஸ் உள்ள வீடு. உள்ளே சவுக்கு விறகும் தென்னை மட்டையும்தான். அங்கே சமைத்துக்கொண்டிருந்தவள் சின்ன மருமகள் முத்துலட்சுமி. அவளுக்கு மூச்சிளைப்பு. இனிமேல் புகையே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தனி அட்டை கிடைத்தால்தான் கேஸ்.

மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நடுவில் அதே நீலக் கயிறு ஸ்டவ்.

"எங்களுக்கு ஒத்துவராதுங்க சார். பேச்சுவார்த்தையே இல்ல" என்றாள் அஞ்சம்மாள்.

"எவ்வளவு நாளா?"

"மூணு மாசமா" என்றாள் மாமியார். "ஒரு வருசமா" என்றாள் மருமகள், அதே மூச்சில்.

அஞ்சம்மாள் அசரவில்லை. "நான் பேசாதது மூணு மாசம். அவ பேசாதது ஒரு வருசம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "ஸ்டவ்வைப் பத்த வைங்க, பார்ப்போம்" என்றேன். இந்த வீட்டு அட்டைக்கு மண்ணெண்ணெயை நிறுத்திய முத்திரை நான் குத்தியது என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஸ்டவ்வில் எண்ணெய் இல்லை, திரியின் அடி மட்டும் ஏதோ கொஞ்சம் நனைந்திருந்தது. முத்துலட்சுமி குச்சியைக் கிழித்து வைத்தாள். காய்ந்த திரி எரியாமல் கரும்புகையாகக் கக்கியது. இரண்டு முறை இருமினாள். மூன்றாவது இருமலுக்கு மூச்சு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ, நவுரு அங்கேருந்து!" அஞ்சம்மாள் ஸ்டவ்வைக் காலால் வாசலுக்குத் தள்ளினாள். மருமகளை மடியில் சாய்த்து முதுகைத் தடவினாள். "மெதுவா கண்ணு... மெதுவா இழு... ஒண்ணுமில்லடா..." மாடத்திலிருந்த உறிஞ்சும் மருந்தை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினாள். மூச்சு சீராகும்வரை நான் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு தூண்போல நின்றேன். என் வீட்டில் இரண்டு சிலிண்டர்.

அப்புறம்தான் அஞ்சம்மாளுக்கு என் ஞாபகம் வந்தது. கை முதுகிலேயே நின்றுவிட்டது.

"சண்டைதாங்க சார்" என்றாள், குரல் இறங்கி. "அதுக்காக மூச்சு முட்டுறவளப் பாத்துக்கிட்டு நிக்க முடியுங்களா?"

வாசலுக்கு வந்து ஃபைலை மொபெட் சீட்டில் வைத்து எழுதினேன்: 'தனி அடுப்பு எரிவது நேரில் காணப்பட்டது. மாமியாருடன் சமையல் உறவு இல்லை.' என் சர்வீஸில் நான் எழுதிய முழுப்பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பாதிப்பொய்.

அட்டை வந்தது, கேஸும் வந்தது. அதற்கப்புறம் மீன் மார்க்கெட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அஞ்சம்மாள் பத்துப் பேர் காதில் விழும்படி கத்துவாள்: "சார், நாங்க இன்னும் சண்டையிலதான் இருக்கோம்!" இருவரும் தூக்கிவந்த மீன் கூடையின் மறு பிடியைப் பிடித்துக்கொண்டு முத்துலட்சுமி பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பாள்.

இப்போது ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. அந்த ஸ்டவ் எந்த வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துப் போனதோ தெரியாது. அடுப்பைப் பார்க்க யாரும் வீட்டுக்குள் வருவதுமில்லை. அஞ்சம்மாளும் போன வருஷம் போய்விட்டாள். மாமியார் அட்டையில் பெயரை நீக்க, நான் ஓய்வு பெற்றிருந்தும், முத்துலட்சுமி என்னிடம்தான் உதவிக்கு வந்தாள். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். பெயரை நீக்கப் படிவம் உண்டு. சமாதானமாகிவிட்டோம் என்று தெரிவிக்கத்தான் படிவம் கிடையாது. என் கையெழுத்தோடு அலுவலக அலமாரியில் அவர்கள் இருவரும் இன்னும் தனித்தனியாகத்தான் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.