சேவியரின் சான்ஸ்

காலை ஒன்பது இருபது. ஷட்டரைப் பாதி தூக்கியதும் முதலில் தெரிந்தது ஒரு ஜோடி கறுப்பு சேஃப்டி ஷூ. தொழிற்சாலையில் கொடுக்கும் வகை. முழுவதும் தூக்கிய பிறகுதான் ஆளைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். நைட் ஷிப்ட் முடிந்த கண்கள். கையில் டிபன் பை.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னை அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு சர்வீஸ் கடையில் மெக்கானிக்காக இருந்தேன். டேப் ரெக்கார்டர், டி.வி. ரிமோட், அப்போது வரத் தொடங்கியிருந்த வீடியோ கேம் எல்லாம் வரும். கடை முதலாளி துரை.

வந்தவர் பெயர் இசக்கியப்பன். ஆவடியில் ஃபிட்டர், குவார்ட்டர்ஸில் இருந்தார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். பைக்குள் துண்டில் சுற்றியிருந்த கையடக்க கேம் செட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆட்டம் பதிந்த கேசட் செருகியே இருந்தது. யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, எழுத்தெல்லாம் ஜப்பான்காரர்களுடையது.

"தம்பி, கேசட்டுக்குள்ள ஒரு பேட்டரி இருக்காம்லா. அது தீந்தா ஆட்டம் அழிஞ்சிருமாம். பக்கத்து குவார்ட்டர்ஸ்ல ஒருத்தருக்கு அழிஞ்சே போச்சு. அழியாம மாத்த முடியுமா?"

உள்ளேயிருந்து துரை குரல் கொடுத்தார். "அழிஞ்சா இன்னா சார்? புச்சா ஆடிக்க."

"புதுசா ஆடுததுக்கு ஆளு வேணும்லா, அண்ணாச்சி."

அது யுத்த விளையாட்டு. கட்டம் போட்ட வரைபடத்தில் இரண்டு சேனைகள். ஒருவர் தன் டாங்கி, பீரங்கி, சிப்பாய்களை நகர்த்தி முடித்தால்தான் அடுத்தவருக்கு சான்ஸ். எதிராளி ஒரு நாள் கழித்து வந்தாலும் செட் காத்திருக்கும். இசக்கியப்பனுக்கும் அவருடைய அறைத்தோழர் சேவியருக்கும் அதுதான் வசதி. இருவருக்கும் எதிரெதிர் ஷிப்ட். இவர் அறைக்கு வரும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார், செட் இவர் தலையணைமேல் இருக்கும். இவர் தன் சான்ஸை ஆடி, சேவ் செய்து, சேவியரின் தலையணைமேல் வைத்துவிட்டுத் தூங்குவார்.

"நாங்க பேசுனதவிட இதுல அடிச்சுக்கிட்டதுதான் ஜாஸ்தி" என்றார்.

சேவியருக்கு வடக்கே மாற்றல் வந்துவிட்டது. போகிற அவசரத்தில் அவர் ஆடவில்லை.

"பொங்கலுக்கு வாரேன்னான். வரல. டிரங்குப் பெட்டியையும் லாரில போட்டுவிடச் சொல்லிட்டான். இப்ப அவன் சான்ஸ்தான் நிக்குது."

"அவருக்கும் சேத்து நீங்களே ஆடிடலாமே, சார்?"

"அதெப்படி தம்பி?" என்றார்.

சாயங்காலம் வரச் சொன்னேன்.

கேசட்டைத் திறந்தேன். உள்ளே பேட்டரியாக இருந்த காயின் செல்லை மீட்டரில் பார்த்தால் வோல்ட் நன்றாகவே இறங்கியிருந்தது. பழையதை எடுத்த நொடியில் ஆட்டம் போய்விடும். அதனால் இரண்டு பென்சில் செல்லை ஒயரில் கோத்து, கரண்ட் விடாமல் இருக்க, பழைய செல்லோடு முதலில் பேரலலாகக் கொடுத்தேன். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தேன். எங்கள் கடை எர்த்தை நம்ப முடியாது; கரண்ட் கசிந்தாலும் ஆட்டம் அழியும். பழையதைக் கழற்றி, புது செல்லைப் பற்றவைத்து, ஒயர்களை எடுத்துவிட்டு செட்டை ஆன் செய்தேன். ஆட்டம் அப்படியே இருந்தது. ஆஃப் செய்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். எந்த கேம் வந்தாலும் கொஞ்சம் ஆடி, சேவ் செய்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து பார்த்த பிறகுதான் கொடுப்போம். திரும்பி வந்தபோது செட் துரையின் கையில் இருந்தது.

"டெஸ்ட் பண்ணிட்டேன்பா. சேவ் ஆவுது. டாங்கிய ஆத்தோரமா உட்டு ஒரு ஓட்டு ஓட்டினேன் பாரு!"

அவர் ஆடிவிட்டது சேவியரின் சான்ஸ். அந்த கேசட்டில் ஒரே ஒரு சேவ்தான். திருப்ப வழியில்லை.

சாயங்காலம், தூங்கி எழுந்து, மின்சார ரயிலில் இசக்கியப்பன் வந்தார். நான் பேச்சை எடுப்பதற்குள் செட்டை ஆன் செய்துவிட்டார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார்.

"சேவியர் வந்திருந்தானா?"

"யாரு சேவியரு? நான்தான் சார் டெஸ்ட் பண்ணேன்" என்றார் துரை.

"டாங்கிய ஆத்தோரமா நகட்டுனது நீரா?"

"ஆமா. இன்னா, தப்பா?"

"பாலத்த காவலில்லாம விட்டுட்டீரே. அவன் எதை விட்டாலும் பாலத்த விட மாட்டான்."

துரை சிரித்தார். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இசக்கியப்பனுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து போனார்கள். அதுவரை ஒரு பட்டனையும் அழுத்தவில்லை. அப்புறம் தன் சிப்பாய்களைப் பாலத்துக்கு நகர்த்தி, சேவ் செய்து, செட்டைத் துரையிடம் நீட்டினார்.

"ம். உம்ம சான்ஸ்."

"எனுக்கா? வேல கெடக்குது சார். அப்பால பாக்கலாம்."

நீட்டிய கை சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு செட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டெஸ்ட் என்றால் ஓடுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்துங்கள். வாடிக்கையாளர் விட்ட இடத்திலிருந்து ஒரு பட்டன்கூட முன்னே போகாதீர்கள். சேவ் ஆகிறதா என்று பார்க்க வேண்டுமானால், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். அன்றிலிருந்து நான் அப்படித்தான் செய்தேன்.

அடுத்த வாரம் இசக்கியப்பன் அதே செட்டோடு மறுபடி வந்தார். செட்டைத் திறந்து பார்த்தேன். பழுது எதுவும் இல்லை. ஆன் செய்தேன்; துரையின் சான்ஸ் அப்படியே நின்றது.