சாப்பிட ஓர் ஆள்

தினமும் காலையில் ஷார்ஜாவிலிருந்து போன் செய்து, "பசியாறிட்டீங்களா உம்மா?" என்று கேட்பேன். "பசியாறியாச்சு" என்று பட்டென்று பதில் வரும். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன லீவுக்குத் திருமலைராயன்பட்டினம் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. உம்மாவின் பசியாறல் என்பது ஒரு டம்ளர் டீயும் ரெண்டு ரஸ்க்கும். மதியத்துக்கு முந்தின நாள் சோறும் ஊறுகாயும். வாப்பாவுக்குச் சர்க்கரை, கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். "ரெண்டு கெழடுகளுக்கு என்னத்தை ஆக்குறது?" என்பது உம்மாவின் வாதம். ஊரையே கூட்டிவைத்து ஆக்கிப் போட்டவள், ரவிக்கை தொளதொளவென்று தொங்க நின்றாள். நான் இருக்கும்போதே ஒருநாள் கொல்லையில் மயங்கி விழுந்தாள். டாக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, இந்த அம்மா சாப்பிடுவதில்லை என்றார். வந்த கோபத்தில் அங்கேயே உம்மாவைப் பிடித்துச் சத்தம் போட்டேன்.

காரைக்காலில் இருக்கும் என் பள்ளித் தோழி சமையலுக்கு மண்டபத்தூரிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுத்தாள். காலையில் வந்து சமைத்து, இருவரையும் சாப்பிட வைத்துவிட்டு, சாயங்காலம் போக வேண்டும். நிம்மதியாக விமானம் ஏறினேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் வாப்பா போனை எடுத்தார்.

"உம்மா எங்கே வாப்பா?"

"அடுப்படியில. அந்தப் பொண்ணுக்கு இடியாப்பம் புழியுறா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போனை உம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ரெண்டு பஸ் மாறி வருது புள்ள. வந்ததும் வராததுமா அடுப்புல கொண்டுபோயி நிறுத்த முடியுமா?"

"உம்மா, அவங்க உங்களுக்குச் சமைக்க வந்தவங்க!"

"இருக்கட்டும். நம்ம வீட்டுக்கு வந்தவதானே?"

வீடியோவில் காட்டச் சொன்னேன். அந்தப் பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடியாப்பத்தில் மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து, விரல் நுனிவரை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அக்கா, சாப்டீங்களா?" என்றார். என் வயிறு எரிந்தது. இவரை நிறுத்திவிட்டு வேறு ஆள் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்குள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட வாப்பா போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். குரலைத் தணித்து, "நிறுத்திப்புடாதம்மா. அது சாப்பிடுற அழகைப் பாத்து உங்க உம்மாவும் கூடவே உக்காந்து சாப்பிடுறா. மறுசோறு வாங்குறா. மதியமும் அப்படித்தான். எனக்கும் ஆணம் கெடைக்குது" என்றார்.

வேறு ஆள் தேடவில்லை. அடுத்த மாதமே உம்மாவின் கன்னத்தில் சதை தெரிந்தது. யார் யாருக்குச் சமைக்கிறார்கள் என்று கேட்பதை நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் அந்தப் பெண் தன் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டார். திரும்பி வர ரெண்டு மாதமாவது ஆகுமாம். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கேட்டேன்.

"பசியாறிட்டீங்களா உம்மா?"

டீ டம்ளரைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

"இல்ல புள்ள. எறங்க மாட்டேங்குது."

அந்தக் கேள்விக்கு உம்மா இல்லையென்று உண்மையைச் சொன்னது அன்றுதான்.

"வேற ஆள் பாக்குறேன் உம்மா. இன்னைக்கே சொல்றேன்."

"ஆக்குறதுக்கா? அதுக்கு எனக்குக் கை இருக்கு. சாப்பிடுற ஆளாப் பாரு."

"நான் வரட்டா?"

லீவு உண்டா, டிக்கெட் என்ன விலை என்று உம்மா எதுவும் கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே உள்பக்கம் திரும்பி, "இங்க பாருங்க, புள்ள வருதாம்! மீன்காரம்மாட்ட நல்ல எறாலாச் சொல்லி வைங்க!" என்று கத்தினாள்.

ஆபீசில் நான் இன்னும் வாயே திறக்கவில்லை.