குட்டியைக் காணோம் என்று நான் சொன்னது

கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி சந்தில் போலீசும் ஜனங்களும் சேர்ந்த ஒரு கமிட்டி உண்டு. மாதம் ஒரு தடவை பள்ளிக்கூட ஹாலில் கூடுவோம். சாயாவும் பழம்பொரியும் வரும். தமிழ் பேசுகிற வீடுகளிலிருந்து ஒரு பொம்பளை வேண்டுமென்று என்னைச் சேர்த்தார்கள். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், மலையாளம் வாய்ப்பேச்சு மட்டும். அதனால் என்ன, இந்தச் சந்தில் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது.

ஒவ்வொரு கூட்டத்திலும் நான் சொன்னது ஒன்றேதான்.

"எங்க சந்துல ஆட்டை ஆட்டோவுல தூக்கிட்டுப் போறாங்க."

இங்கே ஆடுகள் தெருவில்தான் திரியும். பஸ்ஸே நின்று வழிவிடும். தூக்குகிறவனுக்கு அது சௌகரியம். நான் சொல்லச் சொல்லக் கூட்டத்துக்கு வரும் பொம்பளை போலீஸ் நோட்டில் எழுதிக்கொள்வாள். "ஆக்‌ஷன் எடுக்காம், அம்மூம்மே" என்பாள். அவர்கள் பாஷையில் அம்மூம்மே என்றால் பாட்டி, எடுக்காம் என்றால் எடுப்போம் என்று அர்த்தம். நம் காதுக்கு எடுக்காமல் என்றுதான் கேட்கும். நம் காது கேட்டதுதான் நடந்தது.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் குட்டி இல்லை. தாய் மடி கனத்துக் கத்திக்கொண்டு நிற்கிறது. சந்து முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கமிட்டி வாட்சப்பில் பேசிப் போட்டேன்.

"குட்டியைக் காணோம். பொறந்து மூணு மாசம். வெள்ளை நெறம், நெத்தியில கறுப்புப் பொட்டு, கழுத்துல செவப்புக் கயிறு. இன்னும் பால் மறக்கல. பார்த்தவங்க சொல்லுங்க."

கால் மணி நேரத்தில் எஸ்.ஐ.யின் ஜீப் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. கமிட்டி செக்ரட்டரி, அடுத்த வீட்டு ரிட்டயர்டு மனுஷன், பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு ஓடிவந்தார். படகு ஜெட்டியில் ஆள் நிறுத்தியாச்சு, தோப்பும்படியில் பஸ்ஸெல்லாம் ஏறிப் பார்க்கிறார்கள் என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு வழியாக என் பேச்சுக்கு மதிப்பு வந்ததே என்று.

பொம்பளை போலீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, என்னை அழ வேண்டாம் என்றாள்.

"கரையண்ட அம்மூம்மே. ஆரெங்கிலும் எடுத்தோண்டு போயதாணோ?"

"பின்ன? வழி தெரியாமப் போக அது என்ன சின்னதா? நேத்து மதில் ஏறிக் குதிச்சுது."

"மூணு மாசத்திலா?"

"அதோட அம்மா ரெண்டே மாசத்துல குதிச்சா."

எஸ்.ஐ. செக்ரட்டரியைப் பார்த்தார். செக்ரட்டரி என்னைப் பார்த்தார்.

"எந்து டிரெஸ்ஸாணு இட்டிருந்நது?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஆட்டுக்கு எதுக்கு டிரெஸ்ஸு?"

இங்கே குட்டி என்றால் மனுஷக் குழந்தை. எனக்கு அது தெரியாதா? தேனிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்து தலை நரைத்தாச்சு, மலையாளத்தில் சண்டை போட்டு ஜெயித்தவள் நான். ஆனால் வயிறு எரியும்போது வாயில் வருவது நம் பேச்சுதானே. நமக்குப் பிள்ளை பிள்ளைதான், குட்டி குட்டிதான்.

"போலீசினெ களியாக்குகயாணோ?" என்றார் எஸ்.ஐ.

"கேலி பண்ண எனக்கு எங்க நேரம்? வந்தது வந்துட்டீங்க, அப்படியே ஆட்டையும் தேடுங்க."

"சேச்சி, ஒரு ஆடினு வேண்டி இத்ர பேரோ" என்று செக்ரட்டரி ஆரம்பித்தார்.

"சேட்டா, உங்க சைக்கிள் போனப்போ ஆளைக் காட்டினது யாரு?"

மனுஷன் சட்டைப் பொத்தானைச் சரிபண்ணத் திரும்பிக்கொண்டார்.

அப்போது எஸ்.ஐ.யின் போன் அடித்தது. சுள்ளிக்கல் ஜங்ஷனில் நின்ற போலீஸ்காரர். அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஒரு ஆட்டோவில் சாக்குக்கு அடியில் அழுகுரல் கேட்டதாம். சாக்கைத் தூக்கிப் பார்த்தால் குழந்தை இல்லை, மூன்று ஆட்டுக்குட்டிகள்தானாம். வண்டிக்காரனிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்துவிட்டார்களாம்.

தாயாடு கத்தியது.

"கழுத்துல செவப்புக் கயிறு இருந்துச்சான்னு கேளுங்க" என்றேன்.

கேட்டார். ஒன்றுக்கு இருந்ததாம். எஸ்.ஐ. தொப்பியை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். வண்டி நம்பரை எழுதி வைத்திருந்தார்கள், அந்தப் புண்ணியம் உண்டு. சாயங்காலத்துக்குள் குட்டி வந்து தாய் மடியை முட்டியது.

உடனே செக்ரட்டரிக்கு உற்சாகம். போலீசும் ஜனங்களும் ஒற்றுமையாக நின்று ஒரு படம் எடுக்க வேண்டுமாம், குட்டியை நான் தூக்கிக்கொள்ள வேண்டுமாம்.

"முதல்ல அந்த நோட்டை எடுங்க. இத்தனை நாளா நான் சொன்னதை என்னன்னு எழுதியிருக்கு, படிங்க."

பொம்பளை போலீஸ் பையிலிருந்து எடுத்துப் படித்தாள். சந்தில் ஆட்டோ உபத்ரவம். ஒவ்வொரு மாதமும் அதேதான். ஆட்டை விட்டுவிட்டு ஆட்டோவை மட்டும் எழுதியிருக்கிறாள். போன வருஷம் சந்து முனையில் இரும்புக் கால் நட்டு, ஆட்டோ உள்ளே வரக் கூடாது என்று ஒரு போர்டு வைத்தார்களே, அது என் புகாருக்கு எடுத்த ஆக்‌ஷனாம். அன்றிலிருந்து ரேஷன் அரிசியை ரோட்டிலிருந்து நான் தலையில் சுமக்கிறேன். ஆடு திருடுகிறவன் மட்டும் போர்டைத் தாண்டி உள்ளே வருகிறான்.

படத்தில் நான் நிற்கவில்லை. குட்டியை செக்ரட்டரிதான் தூக்கிக்கொண்டார், அது அவர் சட்டையை நனைத்தது.

"போர்டு மாற்றாம், அம்மூம்மே" என்று சொல்லிவிட்டுப் போனாள் அவள்.

எடுக்காம் மாதிரிதான் மாற்றாமும். போர்டு அங்கேயே நிற்கிறது. கால் நல்ல உறுதி. தாயையும் குட்டியையும் இப்போது அதில்தான் கட்டுகிறேன்.