அப்பா தோற்ற கேஸ்

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. பெற்றது மூன்று. கொழுந்தன் பெண்சாதி இரண்டாம் பிரசவத்தில் போய்விட்டதால் அவருடைய இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்துக்கும் சோறு போட்டு ஆளாக்கியது எனக்குப் பெரிய பாடாகவே தெரியவில்லை. ஒரே ஒரு இன்சூரன்ஸை இந்தக் குடும்பத்துக்குப் புரிய வைப்பதற்குள்தான் உயிர் போய்விட்டது.

அப்போது என் கடைக்குட்டி இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். இவளுடைய அப்பாவுக்கு மட்டாஞ்சேரி ஸ்டாண்டில் சொந்தமாக ஒரு அம்பாசிடர் டாக்சி. கொழுந்தன் பாண்டிகசாலை என்கிற அரிசிக் கிடங்கில் மூட்டை சுமந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், ஒரே அடுப்பு.

ஆயுதபூஜை அன்று பாண்டிகசாலைச் சந்தில் வண்டியைக் கழுவி, சந்தனம் தெளித்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். முன்சக்கரத்துப் பழம் உருண்டுவிட்டது. கொழுந்தன் குனிந்து அதைத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கும்போதே இவர் வண்டியை எடுத்துவிட்டார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, கொழுந்தனைச் சுவரோடு வைத்து நெரித்தது. அவருக்குக் கால் முறிந்தது. வண்டிக்கு மூக்கு நசுங்கியது. நசுங்க வேண்டிய அந்த எலுமிச்சம்பழம் மட்டும் அப்படியே முழுசாகக் கிடந்தது.

எங்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்துத் தரும் சேட்டன் அடுத்த தெருவில்தான் இருந்தார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"சேச்சி, வண்டிக்கு ஒண்ணும் கிட்டாது" என்றார்.

"வருஷா வருஷம் கட்டுறோமே, அது என்ன உங்க சாயாச் செலவுக்கா?"

பாவம், பொறுமையாகத்தான் சொன்னார். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தேர்ட் பார்ட்டி என்கிற ஒரு வகைதானாம். நம் வண்டி வேறொரு ஆளை இடித்தாலோ அவர் பொருளை உடைத்தாலோ, அந்த ஆளுக்குக் கம்பெனி கொடுக்கும். நம் வண்டியே நசுங்கினாலும் களவு போனாலும் வெள்ளத்தில் முங்கினாலும் கிடைக்க வேண்டுமென்றால் ஃபுல் கவர் என்று இன்னொரு வகை. அதற்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

"நான் அன்னிக்கே பறஞ்சேன் சேச்சி. 'நான் ஓட்டுற வண்டி எங்கயும் இடிக்காது'ன்னுட்டாரு."

இவர் தலையை நிமிர்த்தி ஓட்டுக்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வண்டி போகட்டும், கொழுந்தன் கால்? அதற்குக் கிடைக்குமாம். வண்டி அண்ணன் பேரில் இருக்கிறது, தம்பி வேறு ஆள். ஆனால் தம்பி எர்ணாகுளம் கோர்ட்டில் அண்ணன் மேலும் கம்பெனி மேலும் கேஸ் கொடுக்க வேண்டும்.

என் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஒரு வயித்துல பொறந்தவன் எப்படிடி வேற ஆளாவான்?"

"காயிதத்துல மட்டும்தான் அத்தை."

"காயிதத்துல வந்தது வீட்டுக்குள்ள வர எம்புட்டு நேரமாகும்?"

கொழுந்தன் கட்டிலில் கிடந்தபடியே, "வேண்டாம் மதினி, கால் போனா போவுது, அண்ணன் மேல கேஸு வேண்டாம்" என்றார்.

"கால் உங்களுது, போகட்டும். பிள்ளைங்க வயிறு உங்களுதா?" என்று கேட்டேன். இனி மூட்டை தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கடைசியில் தம்பியை வக்கீலிடம் தூக்கிக்கொண்டு போனதே இவர்தான். அதே மனுஷன், நோட்டீஸ் வந்த அன்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கவனமில்லாம ஓட்டினேனாம்! என்னையப் பத்தி என் தம்பி எழுதிக் குடுத்திருக்கான்!" அன்றிலிருந்து ஸ்டாண்டில் போய், தம்பிதான் குறுக்கே வந்தான் என்று சொல்ல ஆரம்பித்தார். கோர்ட்டிலும் அதையே சொன்னால் கம்பெனி கை கழுவிவிடும் என்று சேட்டன் தலையில் அடித்துக்கொண்டார். நானும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து நடந்து, தேர்ட் பார்ட்டி, தேர்ட் பார்ட்டி என்று சகஸ்ரநாமம் மாதிரிச் சொன்னேன். யாருக்கும் ஏறவில்லை.

இதற்கு நடுவில் கடைக்குட்டி, சித்தப்பா பிள்ளைகளை வாசலில் மறித்து, "கேஸ்காரங்களுக்கு இங்க சோறு கிடையாது" என்றாள். முதுகில் ஒன்று வைத்தேன். எதற்கு அடி விழுந்தது என்றே தெரியாமல் அழுதாள்.

சாட்சி சொல்ல வேண்டிய நாளன்று எல்லாரும் ஒரே போட்டில்தான் எர்ணாகுளம் போனோம். கம்பெனி வக்கீல் குழைந்து குழைந்து கேட்டார். "தம்பி திடீர்னு குறுக்கே வந்து குனிஞ்சதுதானே?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அத்தனை நாளும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த சொல்தான். நான் கடைக்குட்டியின் கையை இறுக்கியதில் அவள் "ஆ" என்றாள். இவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இல்ல சாரே. அவன் அங்கதான் பழம் வெச்சிட்டிருந்தான். நான் பாக்காம எடுத்தேன்."

திரும்பி வரும்போதும் ஒரே போட்டுதான். கொழுந்தனுக்கு முட்டி மடங்காது. பாதிக் காயலில் இவர் எழுந்து எதிர்ப்பலகையைக் காலி செய்து, "இதுல நீட்டி வெச்சுக்கோ" என்றார். அவ்வளவுதான். மீதி வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தார்.

போட் படித்துறையை அணைந்ததும் கடைக்குட்டி ஓடினாள். "எங்கப்பா தோத்துட்டாரு!" என்று தெரு முழுக்கச் சொல்லி அழுதாள்.

கம்பெனி கொடுத்ததை வைத்துக் கொழுந்தன் அதே சந்தில் சாயாக்கடை போட்டார். முதல் சாயா அண்ணனுக்கு. கடைக்குட்டி மட்டும் தொடவில்லை. "ஜெயிச்சவங்க கடையில தோத்தவருக்கு என்ன சிரிப்பு?" என்று என்னைக் கேட்டாள். மறுபடியும் தேர்ட் பார்ட்டியிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை. "போடி" என்றேன்.

இப்போது அவள் காக்கநாட்டில் பெரிய வேலை பார்க்கிறாள். சொந்தக் கார், அதற்கு ஃபுல் கவர். எது எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். ஆனாலும் அந்தப் பேச்சு வந்தால், "அப்பா தோத்த கேஸ்" என்றுதான் இன்றும் சொல்கிறாள்.

போதும் மோளே, பேனாவை வை. முதலிலிருந்து வாசி, கேட்கிறேன். அந்தக் கடைக்குட்டி, உங்கம்மா, அடுக்களையில்தான் இருக்கிறாள். கொஞ்சம் உரக்கவே வாசி.