நெட்டைத் தொடாத பணம்

கூடத்தில் போன் அடித்து ஓய்கிறது. லலிதாம்பாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாணலியிலிருந்து தேன்குழலை அரித்தெடுக்கிறாள். குளித்துவிட்டு மடியாகப் பட்சணம் செய்யும்போது போனைத் தொடமாட்டாள். எங்கள் ஸ்ரீவராகம் வட்டாரத்தில் திவசம், விசேஷம் என்றால் அவளிடம்தான் ஆள் வரும்.

எதிர்வீட்டுக்காரனான எனக்கு இந்த மடி, விழுப்பு என்று தொட்டால் தீட்டு பார்ப்பதெல்லாம் சுத்தமாக ஆகாது. அவளிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டு ஒரு பொட்டலம் நீட்டுவாள்.

பட்சணம் விற்று ஏழு வருஷமாகச் சேர்த்ததை அவள் பிட்காயினில் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தபோது திடுக்கிட்டேன். குடியிருக்கும் வாடகை வீட்டை வாங்கத்தான் அந்தப் பணம். அவசரத்துக்குக் கொஞ்சம் போன் வாலெட்டில். மீதியெல்லாம் கட்டைவிரல் அளவு கருவி ஒன்றில்.

"போன்ல இருக்கறது விழுப்பாக்கும். இது மடி. இதோட சாவி நெட்டத் தொடவே தொடாது, கேட்டேளா?"

சாவி என்றால் இருபத்து நான்கு இங்கிலீஷ் வார்த்தைகள். அவை யார் கையில் கிடைத்தாலும் பணம் அவருடையது. ஒரு காகிதத்தில் எழுதி சுவாமி அலமாரியில் வைத்திருந்தாள்.

போன மாதம் அவள் மகள் ஜானவி, டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவள், ஒரு நல்ல காரியம் செய்தாள். "பேப்பர் நனைஞ்சா எல்லாம் போச்சேம்மா. ஒரு போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்."

"போன்ல எடுத்த போட்டோ தானா நெட்டுக்கு ஏறிடுமே. அப்போ நெட்ல பட்டாச்சு."

"இப்பவே டெலீட் பண்ணிடறேன்."

"பட்டது பட்டதுதான். மாத்தணும்."

அன்று மாலையே புதுக் கருவி வந்தது, புது வார்த்தைகள் வந்தன, பணம் இடம் மாறியது. பழையதில் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தாள். "கெடக்கட்டும், பாக்கலாம்." இதெல்லாம் கொஞ்சம் ஓவர் என்று ஜானவி என்னிடம் முணுமுணுத்தாள். நானும் தலையாட்டினேன்.

நான்காம் நாள் காலை பழையதில் ஒன்றும் இல்லை. எவனோ வழித்துக்கொண்டு போயிருந்தான். எத்தனை படித்து என்ன, இந்த அம்மாளின் அறிவுக்கு முன் நானெல்லாம் எம்மாத்திரம்.

ஜானவி சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். "என்னாலதானேம்மா. வீடே போயிருக்கும்."

லலிதாம்பாள் அடுப்பை அணைத்தாள். "போனை வாசல்ல வெச்சுட்டு, கை அலம்பிண்டு வா."

ஈரக் கையோடு வந்து நின்ற மகளின் உள்ளங்கையை முந்தானையால் துடைத்தாள். புது வார்த்தைகள் எழுதிய காகிதத்தை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.