றெனோல்ட்டின் துறைமுகத்தில் வேலைநிறுத்தம்

மொன்றியாலின் லாசால் பகுதியில், றெனோல்ட் வீட்டு பேஸ்மென்டில் ஒரு துறைமுகம் இருக்கிறது. சாப்பாட்டு மேசையை விடக் கொஞ்சம் நீளம். இரண்டு கிரேன், ஒரு கப்பல், கொள்கலன் ஏற்றிய ரயில்கள், பெரிய வாசல் ஒன்று. எல்லாம் மொன்றியால் துறைமுகத்தைப் பார்த்துச் செய்தவை.

பகலில் அவர் உண்மையான துறைமுகத்தில்தான் வேலை செய்கிறார். கப்பலிலிருந்து இறங்கும் கொள்கலன்களோடு ரொறொன்ரோவுக்கும் சிக்காகோவுக்கும் போகிற ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று பூட்டுவது அவர் வேலை. மட்டக்களப்பிலிருந்து வந்த புதிதில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, போய் நின்றார். முதல் நாளே ஒரு நீளமான ரயில் அவர் முன்னால் புறப்பட்டது. எஞ்சின் இழுக்க, பூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகி, டக் டக் டக் என்று அந்தச் சத்தம் அவரை நோக்கி ஓடிவந்து, அவரைத் தாண்டி, கடைசிப் பெட்டிவரை போனது. அன்றைக்கு அவருக்கு வந்த சிரிப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

பிறகு ஒரு கோடையில், பக்கத்துத் தெருவில் பழைய சாமான் விற்ற வீட்டு வாசலில், ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் குட்டி எஞ்சினும் சில பெட்டிகளும் கிடந்தன. தான் பகல் முழுக்கப் பூட்டுகிற அதே பெட்டிகள், விரல் அளவில். வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் ஓடவிட்டார்.

"பகலெல்லாம் பெரிய பெட்டி பூட்டுறீங்க, மறுகா வீட்ட வந்து சின்னப் பெட்டி பூட்டுறீங்க. உங்களுக்குக் கை உளையாதா?" என்று கேட்டார் அவருடைய மனைவி யோசெப்பின்.

"சின்னது பாரமில்லை கா," என்றார் றெனோல்ட்.

பேஸ்மென்டில் ஒரே ஒரு சட்டம்தான். பெரிய துறைமுகத்தில் என்ன நடக்கிறதோ, சின்னத் துறைமுகத்திலும் அதுவே நடக்கும். கப்பல்கள் நிறைய வந்தால் ரயில்கள் நீண்டு உடுப்புத் தோய்க்கும் மெசினைச் சுற்றிக்கொண்டு போகும். கப்பல் குறைந்தால் பெட்டிகள் அலுமாரிக்குள் போய்விடும். ஆற்றில் பனி இறுகினால் கப்பலைச் சுற்றிப் பஞ்சு வைப்பார். யோசெப்பின் garderie என்கிற குழந்தைகள் காப்பகமொன்றில் பிள்ளைகளைப் பார்க்கிறவர். ஒருமுறை அலுமாரி நிறைந்து கிடந்ததைக் கண்டுவிட்டு, "இந்த முறை நத்தாருக்கு விளையாட்டுச் சாமான் பிந்தும், இப்பவே வாங்கி வையுங்க," என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னார். அது பலித்துவிட்டது. அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் அவர்கள் யோசெப்பினின் சுகத்தை விட அலுமாரியின் சுகத்தைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

லாசாலில் மாதிரி ரயில்கள் செய்பவர்களின் கழகம் ஒன்று இருந்தது. வருடாந்தக் கண்காட்சிக்கு ஒவ்வொருவரும் தங்கள் மேசையைக் கொண்டுவந்து தேவாலய மண்டபத்தில் அடுத்தடுத்துப் பொருத்துவார்கள். ஒருவர் மேசையில் சுவிஸ் மலை, அடுத்ததில் கோதுமை வயல், அடுத்ததில் குட்டிப் பட்டணம். ரயில்கள் எல்லாவற்றுக்கும் ஊடாக ஓடும். அந்த வருடம் றெனோல்ட்டின் துறைமுகத்தைக் கடைசி மேசையாக வைத்துப் பார்ப்பதாகக் கழகத் தலைவர் காஸ்தோன் சொல்லியிருந்தார். இரண்டு நாள் கண்காட்சியும் ஒழுங்காக ஓடி முடிந்தால் அந்த இடம் றெனோல்ட்டுக்கே நிரந்தரம். இல்லையென்றால் வேறு ஆளுக்கு. றெனோல்ட் பல வருடமாக ஏங்கிய இடம் அது. வீதியில் போகும்போதுகூடக் கையால் தண்டவாளம் வளைத்துக்கொண்டு நடந்தார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பெரிய துறைமுகத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது.

வேலை நேரத்தை முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பதுதான் தொழிலாளர்களின் கோரிக்கை. திடீரென்று கூப்பிட்டு விடியவே வா என்றால் மனிதன் எப்படிக் குடும்பம் நடத்துவது? றெனோல்ட்டும் வாசலில் பதாகை பிடித்துவிட்டு வந்தார். வந்து பேஸ்மென்டுக்குள் இறங்கினார். இரவுச் சாப்பாட்டுக்கும் மேலே வரவில்லை.

யோசெப்பின் இறங்கிப் பார்த்தார். சின்னத் துறைமுகத்தின் வாசலில் பிளாஸ்டிக் மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் பல்லுக்குத்தியில் ஒட்டிய பதாகை. நடுவில் பற்பசை மூடிக்குள் சிவப்பு பல்ப் எரிய, அவர்கள் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"இஞ்சேருங்க, நாளைக்குக் கண்காட்சி!"

"ஓம். ரயில் ஓடாது."

"அது விளையாட்டு ரயில்!"

"விளையாட்டெண்டா? அங்க என்ர ஆக்கள் குளிருக்க நிக்க, நான் இஞ்ச பெட்டி பூட்டினா அதுக்குப் பேர் கருங்காலித்தனம்."

"அப்ப அந்த இடம்?"

றெனோல்ட் சாய்ந்து நின்ற ஒரு பிளாஸ்டிக் மனிதனை நிமிர்த்திவிட்டார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முதலாவது ரயில் மலையைச் சுற்றி, வயலைக் கடந்து, பட்டணத்துக்குள் புகுந்து, துறைமுக வாசலுக்கு வந்து, பதாகைகளுக்கு முன்னால் நின்றது. இரண்டாவது ரயில் அதற்குப் பின்னால் நின்றது. அடுத்தது பட்டணத்தில். அடுத்தது வயலில். மத்தியானத்துக்குள் சுவிஸ் மலையின் சுரங்கத்துக்குள் ஒரு ரயில் பாதி உள்ளே, பாதி வெளியே. மலைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

காஸ்தோன் முகம் சிவக்க ஓடிவந்தார். "மெஸ்யூ றெனோல்ட், இதென்ன பழுது?" என்று பிரெஞ்சில் கத்தினார்.

"பழுதில்லை. வேலைநிறுத்தம்," என்றார் றெனோல்ட், தெளிவான பிரெஞ்சில்.

அந்த நேரம் பார்த்துத்தான் யோசெப்பினின் garderie பிள்ளைகள் பெற்றோரோடு உள்ளே வந்தார்கள். ஓடுகிற ரயிலை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். இப்படி மண்டபம் முழுக்க மூக்கும் வாலும் முட்டி நிற்கிற ரயில்களைப் பார்த்ததே இல்லை. ஒருத்தி எங்கே கேட்டுப் பழகினாளோ, "சோ-சோ-சோ, சொலிடாரிதே!" என்று தொழிலாளர்களின் ஒற்றுமைக் கோஷத்தைத் தொடங்கினாள். மற்றப் பிள்ளைகள் பின்னால் சேர்ந்தார்கள். மேசைகளைச் சுற்றி ஊர்வலம் கிளம்பியது. இரண்டு தகப்பன்மார்கூட அதில் கலந்துவிட்டார்கள். யோசெப்பின் கொண்டுவந்த மீன் ரோல்ஸைப் பிள்ளைகள் பதாகை மாதிரித் தூக்கிப்பிடித்தார்கள். செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமை அதைவிடச் சனம். அதே பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள்.

ஆனால் அன்றும் காஸ்தோன் சிரிக்கவில்லை. "நேற்றையதை விடும். இன்று பின்னேரத்துக்குள் ஓடாவிட்டால் அந்த இடம் உமக்கில்லை," என்றார்.

றெனோல்ட்டின் முகம் விழுந்துவிட்டது. கை தானாக ஸ்விட்சுக்குப் போய், தொடாமல் திரும்பியது.

அப்போது அவரோடு துறைமுகத்தில் வேலை செய்கிற கிருஷாந்தன் வந்தான். யாழ்ப்பாணத்துப் பெடியன், தொழிற்சங்கப் பிரதிநிதி. துறைமுக வாசல் மறியலிலிருந்து நேரே வந்ததால் சங்கத்து மேலங்கியோடு நின்றான். வாசலைக் குனிந்து பார்த்து, பற்பசை மூடியைக் கண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு விசயத்தைக் கேட்டறிந்து யோசித்தான்.

"அண்ணை, இது ஆற்ர துறைமுகம்?"

"கண்காட்சி முடியுமட்டும் கழகத்தின்ர."

"அப்ப முதலாளி உங்கட கழகத் தலைவர்தான். கோரிக்கையை ஏற்ற முதலாளிக்கு வேலை செய்யலாம். அது கருங்காலித்தனமில்லை. சங்கத்தின்ர வழமை அதுதானே?"

றெனோல்ட் நிமிர்ந்தார். காஸ்தோனைக் கூப்பிட்டார். "எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வேலை நேரத்தை முன்கூட்டியே சொல்லவேண்டும்."

"இந்தப் பிளாஸ்டிக் ஆட்களுக்கா?" என்றார் காஸ்தோன்.

மலைக்காரர் தொண்டையைச் செருமினார். "எங்களுக்கும்தான், காஸ்தோன். வெள்ளி பின்னேரம் போன் எடுத்து, சனி விடிய மேசை தூக்க வா என்கிறீர். ஒவ்வொரு வருடமும்."

வயல்காரர் தலையாட்டினார். பட்டணக்காரி, "என் மகளின் பிறந்தநாளையே விட்டுவிட்டு வந்தேன்," என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழகம் முழுவதும் துறைமுக மேசையின் பக்கம் வந்து நின்றுவிட்டது. காஸ்தோனின் பக்கத்தில் காஸ்தோன் மட்டும். பிள்ளைகள் மறுபடி "சோ-சோ-சோ" தொடங்கினார்கள்.

காஸ்தோன் தன் ரயில்களை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு மீசைக்குக் கீழே ஒளிய இடமில்லாமல் வெளியே வந்தது. "சரி. இனி ஒரு மாதம் முன்பே சொல்கிறேன்," என்று கையை நீட்டினார்.

றெனோல்ட் கிருஷாந்தனைப் பார்த்தார். "நான் சாட்சி. வேலைக்குப் போங்கோ அண்ணை," என்றான் அவன்.

றெனோல்ட் பிளாஸ்டிக் மனிதர்களை ஒவ்வொருவராக எடுத்துக் கிரேனுக்குக் கீழே, அவரவர் வேலையில் நிறுத்தினார். சிவப்பு பல்பை அணைத்தார். ஸ்விட்சைத் திருப்பினார். முன்னால் நின்ற எஞ்சின் அசைந்தது. டக் டக் டக் என்று பூட்டுகள் இறுகும் சத்தம் பட்டணத்துக்குள், வயலுக்குள், மலைச் சுரங்கத்துக்குள் ஓடியது. பிள்ளைகள் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே ஓடினார்கள்.

"அந்த இடம் உம்முடையது," என்றார் காஸ்தோன். "ஆனால் அடுத்த முறை வேலைநிறுத்தம் செய்வதானால் எனக்கும் முன்கூட்டியே சொல்லவேண்டும்."

"ஒரு மாதம் முன்பே," என்றார் றெனோல்ட்.

திங்கட்கிழமை காலை பெரிய துறைமுகத்தின் வாசலில் இன்னும் மறியல் நடந்துகொண்டிருந்தது. மிஞ்சிய மீன் ரோல்ஸோடு றெனோல்ட் போய் வரிசையில் நின்றார். கிருஷாந்தன் அதற்குள் கதையைப் பரப்பியிருந்தான்.

"வாருங்கோ அண்ணை," என்று கூவினான், "நீங்கள் உள்ள போய் இந்த முதலாளிமாரோடயும் ஒருக்காக் கதைச்சு முடிச்சுவிடுங்கோவன்!"

"பிள்ளைகளைக் கூட்டிவரவேணும் தம்பி," என்றார் றெனோல்ட். "அதுகளில்லாமச் சரிவராது."